காவல் செல்களையே கைப்பற்றும் கிருமி: வடகிழக்கில் பன்றி வளர்ப்போர் தவிப்பு

புது தில்லி: வடகிழக்கு மாநிலங்களின் ஏழைக் குடும்பங்களுக்குப் பன்றிதான் அவசரகாலச் சேமிப்பு. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அதை விற்றே சமாளிக்கப்படுகின்றன. அந்தச் சேமிப்பைச் சில நாள்களில் அழித்துவிடும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், 2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசம் வழியாக முதல் முறையாக இந்தியாவுக்குள் நுழைந்தது.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள பன்றிகள் ஏறத்தாழ 91 லட்சம். அவற்றில் 21 லட்சம் அஸ்ஸாமில் இருந்தன. மிசோரத்தில் 2021-இல் மட்டும் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் இறந்தன. 2022 ஜூலையில் கேரளத்தின் வயநாட்டிலும் நோய் கண்டறியப்பட்டது.

மனிதர்களுக்குத் தொற்றாத இந்நோய்க்கு மருந்து இல்லை. கடுமையான தொற்றில் அநேகமாக எல்லாப் பன்றிகளுமே இறந்துவிடுகின்றன. இதற்குக் காரணம், உடலின் எதிர்ப்பு சக்தியை ஏமாற்றும் இவ்வைரஸின் திறன்.

எதிர்ப்பை முறியடிப்பது எப்படி?

உடலில் நுழையும் கிருமிகளை விழுங்கி அழிப்பவை 'மாக்ரோபேஜ்' எனப்படும் ரத்த, திசு செல்கள். இந்த வைரஸ் அந்தச் செல்களுக்குள்ளேயே குடிபுகுந்து பெருகுகிறது. பாதிக்கப்பட்ட செல், அண்டைச் செல்களை எச்சரிக்க 'இன்டர்ஃபெரான்' என்ற பொருளைச் சுரப்பது வழக்கம். வைரஸின் சில புரதங்கள் அந்தச் சுரப்பைத் தடுக்கின்றன. தொற்று பரவாமலிருக்கச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள முயன்றால், வேறொரு புரதம் அதையும் தடுத்து, வைரஸ் பெருகும்வரை செல்லை உயிரோடு வைத்திருக்கிறது.

இந்த வைரஸ் 150-க்கும் மேற்பட்ட புரதங்களை உருவாக்க வல்லது. பன்றியின் உடலில் எதிர்ப்புப் புரதங்கள் உருவானாலும் அவற்றால் வைரஸை முழுமையாகச் செயலிழக்கச் செய்ய முடிவதில்லை. தடுப்பூசி தயாரிப்பு பல பத்தாண்டுகளாக இழுபறியானதற்கு இதுவே முக்கியக் காரணம். வைரஸின் மரபணு ஒன்றை நீக்கித் தயாரிக்கப்பட்ட தடுப்பூசியை நாடு முழுவதும் பயன்படுத்த வியத்நாம் 2023-இல் அனுமதித்தது. எனினும், எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட தடுப்பூசி எதுவும் இல்லை.

இழப்பீடும் தகவலும்

எனவே, நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோ மீட்டருக்குள் உள்ள பன்றிகளைக் கொன்று புதைப்பதே மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு செயல் திட்டம் கூறும் வழி. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு குறித்த 2009-ஆம் ஆண்டு சட்டத்தின்படி, நோய் அறிகுறி தெரிந்தால் தகவல் தருவது உரிமையாளரின் கடமை.

ஆனால், தகவல் தந்தால் நோயற்ற பன்றிகளையும் சேர்த்து இழக்க நேரிடும். இழப்பீடு தாமதமானால், அறிகுறி தெரிந்ததும் அவசரமாக விற்றுவிடும் எண்ணமே மேலோங்கும். விற்ற பன்றியின் இறைச்சியோடு வைரஸும் அடுத்த ஊருக்குப் போகும்; இறைச்சியில் அது நீண்ட நாள் உயிர்ப்புடன் இருக்கக் கூடியது.

பன்றியின் உடல் தர வேண்டிய எச்சரிக்கையை வைரஸ் தடுத்துவிடுகிறது. வளர்ப்பவர் தர வேண்டிய எச்சரிக்கையாவது தடைபடாமலிருக்க, இழப்பீடு உரிய காலத்தில் கைக்குக் கிடைத்தாக வேண்டும்.