இறக்கத்தில் மாட்டை அவிழ்க்கலாமா?

மலைப்பாதையில் ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பாரம் ஏற்றிய மோட்டார் வண்டிக்கோ விஷயம் நேர் விரோதமானது. ஏற்றத்தில் சக்தி போதாவிட்டால் லாரி மெதுவாக ஊரும், மிஞ்சினால் நின்றுவிடும். இறக்கத்தில் சக்தி மிஞ்சிவிட்டால் அது நிற்பதே இல்லை. இதற்குச் சாட்சி கூற, தர்மபுரி ஜில்லாவின் தெற்கே தொப்பூர்க் கணவாய் இருக்கிறது.

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தர்மபுரி மேட்டு நிலத்தை விட்டுச் சேலத்தை நோக்கி இறங்குமிடம் அது. வடக்கிலிருந்து சரக்குடன் வரும் லாரிகள் இரவும் பகலும் இவ்வழியே இறங்குகின்றன. 2020 டிசம்பர் 12-ஆம் தேதி, இங்கே ஒரு லாரி முன்னேயிருந்த கார்களின்மீது வரிசையாக மோதியதில் நால்வர் மாண்டனர். 2024 ஜனவரி 24-ஆம் தேதி, லாரிகளும் கார்களும் மோதிக்கொண்டதில் மறுபடியும் நால்வர் உயிரிழந்தனர். இவை எல்லோரும் அறிந்த இரண்டு சம்பவங்கள் மாத்திரமே.

பிரேக் என்பது வேகத்தை விழுங்கிவிடும் மந்திரமன்று. வேகத்தை உஷ்ணமாக மாற்றும் கருவி. உயர்தரப் பள்ளி மாணவனும் போடக்கூடிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். 30 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சுமார் 100 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இவ்வளவு உஷ்ணத்தையும் பிரேக் கட்டைகளே தாங்க வேண்டுமென்றால் என்ன ஆகும்? கட்டைகளின் பிடிப்புக் குறையும்; டிரம் சூட்டால் விரிந்து கட்டையை விட்டு விலகும். டிரைவர் மிதிப்பார், வண்டி கேட்காது. கருகல் நாற்றம் வருகிறதென்றால் அபாயம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று பொருள்.

அப்படியானால் பாரத்தைத் தாங்குவது எது? என்ஜின்தான். தாழ்ந்த கியரில் இறங்கினால், சக்கரங்கள் என்ஜினைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பிலேயே வண்டியின் வேகம் மட்டுப்படுகிறது. நமது கிராமத்து வண்டிக்காரர் இதை வேறு விதமாக அறிந்திருந்தார். இறக்கத்தில் நுகத்தடியைத் தாங்கிப் பின்னுக்குத் தள்ளி வண்டியை நிதானப்படுத்துவது மாடுகளே. மேட்டின் உச்சியில் மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியை உருட்டிவிடுபவர் எங்கேனும் உண்டா? ஆனால் இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளும் டிரைவர் அதைத்தான் செய்கிறார்.

டீசல் மிச்சமாகும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணமும் பிழையானது. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இக்கால டீசல் என்ஜின்களுக்குள் எண்ணெய் செல்வது நின்றுவிடும். சக்கரங்களே அதைச் சுழற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலிலோ, என்ஜின் அணையாமலிருக்க எண்ணெய் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாத லாபத்திற்காக உயிரைப் பணயம் வைப்பது எவ்வளவு பரிதாபம்! டிரைவரை மட்டும் பழிப்பதும் நியாயமன்று. எண்ணெய்க் கணக்கைத் துளித் துளியாகக் கேட்கும் முதலாளி, பிரேக் கட்டை தேய்ந்த கணக்கையும், டிரைவர் தூங்கிய நேரக் கணக்கையும் கேட்கக் கடமைப்பட்டவர்.

முறை எளியது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த கியருக்கு வந்துவிட வேண்டும். நடு இறக்கத்தில் கியர் மாற்ற முயன்று, அது விழாமற்போனால் வண்டி நியூட்ரலிலேயே ஓடும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, அதற்கு மேற்படாத கியரில் இறங்குவது நலம். பிரேக்கின்மீது வழி நெடுகக் காலை வைத்து அழுத்திக்கொண்டிருக்கலாகாது. வேகம் கூடும்போது உறுதியாக மிதித்துக் குறைத்து, உடனே காலை எடுத்துவிட வேண்டும். அந்த இடைவெளியில் கட்டைகள் சற்று ஆறும். வேகம் இரட்டித்தால் நிறுத்துவதற்குரிய சக்தி நான்கு மடங்காகும் என்பதை மறக்கலாகாது.

பின்னால் டிரெயிலர் இழுத்துச் செல்லும் வண்டிக்கு மற்றோர் அபாயமும் உண்டு. முன்வண்டி மாத்திரம் பிரேக் பிடித்தால், பின்வண்டி அதைத் தள்ளும். வளைவில் அப்படி நேர்ந்தால், முழங்கை மடங்குவதுபோல் இரண்டும் மடங்கிச் சாலையை அடைத்துவிடும். ஆகவே டிரெயிலரின் பிரேக்குகளும் காற்றுக் குழாய்களும் சரியாயிருக்கின்றனவா என்று மேட்டிலேயே பார்த்துக்கொண்டு, வளைவுக்கு முன்பே, நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

காரில் குடும்பத்துடன் செல்லும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. இறங்கிவரும் பாரலாரிக்கு முன்னே திடீரென்று நுழைந்து நிற்காதீர்கள். உங்களைக் கண்டவுடன் நிறுத்த அவரால் இயலாது. ஏற்காட்டிலிருந்து இறங்கும் சிறு காருக்கும் மேற்சொன்ன கியர் விதியே பொருந்தும்.

தொப்பூரில் உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டத்தை மத்திய அரசு மேற்கொண்டிருக்கிறது. அது நல்ல காரியமே. ஆனால் நாட்டில் மலைகள் இருக்குமட்டும் இறக்கங்களும் இருக்கும். ஒவ்வொரு லாரியின் பின்னாலும், அதை ஓட்டுபவரின் வருகைக்காக விளக்கேற்றிக் காத்திருக்கும் ஒரு வீடு இருக்கிறது. கணவாயின் உச்சியில் கியரைத் தாழ்த்துவதற்கு ஒரு நிமிஷம்கூடச் செல்லாது. அதைச் செய்பவர் தம் வீட்டையும், எதிரே வரும் முகமறியாத வீடுகளையும் சேர்த்துக் காக்கிறார்.