ஒரு வாரம் முன்னதாகத் திறந்த கண்கள்

முதுகலை மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆய்வகத்துக்கு வந்த ஈஜிஎஃப் (மேல்தோல் வளர்ச்சிக் காரணி) குப்பியில் ஒன்றுமே தெரியவில்லையாம். காலிக் குப்பியோ என்று ஆசிரியரிடம் கேட்கவும் பயமாம். பயம் வேண்டாம், அம்மா. உறையவைத்து உலர்த்திய 100 மைக்ரோகிராம் புரதம் அடியில் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்று கலந்தால், அந்தப் படலம் 10 லிட்டர் வளர்ப்பு ஊடகத்துக்குப் போதும்.

செல்லுக்கு உணவு மட்டும் போதாது. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் இலை போட்டிருந்தாலும், "வாங்க, உட்காருங்க" என்று யாராவது அழைத்தால்தான் பெரியவர்கள் பந்திக்கு எழுவார்கள். ஈஜிஎஃப் அந்த அழைப்பு. செல்லின் மேலுள்ள ஏற்பியைப் பற்றிக்கொண்டு, பிளவுபடலாம் என்று உள்ளே சொல்லியனுப்புகிறது.

சிறுவயதில் பரண்மேல் பூனை குட்டி போட்டால், அவை கண் திறக்கும் நாளை விரல்விட்டு எண்ணுவோம். அதனாலோ என்னவோ, ஈஜிஎஃப்பைக் கண்டுபிடித்த கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. 1950களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தேடினார்கள். நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கப் பாம்பு விஷம் சேர்த்தால், விஷத்திலேயே அந்தக் காரணி நிறைந்திருந்தது! விஷப்பை உமிழ்நீர்ச் சுரப்பிக்கு உறவு. அந்த யோசனையில் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போனார் கோஹன். அதன் சாற்றை ஊசியில் ஏற்றியதும், பிறந்து இரண்டு வாரத்தில் கண் திறக்க வேண்டிய குட்டிகள் ஒரே வாரத்தில் திறந்தன. பல்லும் முன்னதாகவே முளைத்தது. கலப்படம் என்று ஒதுக்காமல், அதற்குக் காரணமான புரதத்தைத் தனியே பிரித்து 1962இல் அறிவித்தார். அதுதான் ஈஜிஎஃப். 1986இல் இருவருக்கும் நோபல்.

மனித ஈஜிஎஃப்பை முதலில் சிறுநீரிலிருந்துதான் பிரித்தார்கள். இன்று மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ வைத்துச் செய்விக்கிறார்கள். 53 அமினோ அமிலங்கள், மூன்று கந்தகப் பிணைப்புகள். இந்த மூன்று முடிச்சும் சரியாக விழாவிட்டால் ஏற்பி அதை அடையாளம் காணாது.

இத்தனை பாடுபட்டு வந்த பொருளை நாம் நடத்தும் விதம்தான் வருத்தம். ஒரு ஆய்வகத்தில், தேதி எழுதாத ஒரே குப்பியை ஒவ்வொரு சோதனைக்கும் உருக்கி, மிச்சத்தை மறுபடி உறையவைத்தார்கள். செல் வளரவில்லை. திட்டு வாங்கியது மாணவர்கள். ஆகவே, திறக்குமுன் குப்பியை மையவிலக்கியில் சுற்றுங்கள். மூடியில் ஒட்டியதும் கீழே இறங்கும். கரைத்ததும் சிறு பங்குகளாகப் பிரித்து, தேதியிட்டு உறையவையுங்கள். நீர்த்த கரைசல் என்றால் சிறிது ஆல்புமின் சேருங்கள். இல்லாவிட்டால் புரதம் பிளாஸ்டிக் சுவரிலேயே தங்கிவிடும். சந்தேகம் வந்தால் ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.