ஓவர்லாக் டெய்லர் தேவை

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் இருக்கும் எந்த வீதியில் நடந்தாலும் கேட்டில் ஓர் அட்டை தொங்கும். ‘ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை. செக்கிங்குக்குப் பெண்கள் தேவை. தங்குமிடம் உண்டு.’ மழையில் எழுத்து மங்கினாலும் கழற்ற மாட்டார்கள். இப்போது இந்தியிலும் எழுதி வைக்கிறார்கள்.

2022-இல் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். அங்கே ஓர் இடத்துக்கு முந்நூறு பேர். இங்கே மிஷின் ஆளில்லாமல் நிற்கிறது. வேலையும் கிடந்து, வேலையில்லாதவர்களும் இருப்பது ஏன் என்று ஆராய்ந்ததற்காக 2010-இல் மூன்று பேருக்குப் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். ஆளும் வேலையும் ஒன்றையொன்று தேடிச் சேர நாளும் காசும் ஆகும் என்பது அவர்கள் கணக்கு.

திருப்பூரில் தேடுவது அவ்வளவு கஷ்டமில்லை. அட்டையைப் பார்த்து உள்ளே போனால் ஒரு பீஸ் தைக்கச் சொல்வார்கள். ஓடுகிற கையா என்பது அப்போதே தெரிந்துவிடும். அந்தக் கை எங்கே பழகுவது என்பதில்தான் சிக்கல். முன்பு கைமடியாகச் சேருவார்கள். டெய்லர் தைத்துத் தள்ளுவதை வாங்கி மடித்து, பிசிர் வெட்டி, அடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மிஷின் சும்மா கிடக்கும். வேஸ்ட் துணியை ஓட்டிப் பார்த்தே டெய்லர் ஆனவர்கள் ஏராளம். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளையும் அப்படி நிறுத்தினார்கள், அது ஒழிய வேண்டியதுதான். ஆனால் பதினெட்டு வயதில் வருகிறவர்கள் ஏற அந்த இடத்தில் வேறு படி எதையும் நாம் கட்டவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

பழக்கிவிட்டால், பீஸுக்குச் சில பைசா கூடக் கிடைக்கிறதென்று பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள் என்பது முதலாளிகளின் குறை. அதனாலேயே எல்லோரும் பழகிய கையைக் கேட்கிறார்கள். பழக்க யாரும் முன்வருவதில்லை. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்கோ, புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் சொந்தக் கூலியில் குறைகிறது. பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. ஆனால் அங்கே நேர்த்தையல் கற்றுவந்தவரை ஒன்றரை ஷிப்டு ஓடும் லைனில் உட்கார வைத்தால் வேகம் போதாது. முதல் சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணிப் பார்த்ததும் மனம் விட்டுப்போகும்.

வேகம் வரும்வரையுள்ள அந்தச் சில வாரக் கூலியை யார் கொடுப்பது? தனியாக ஒரு கம்பெனி கொடுத்தால் நஷ்டம். எல்லாக் கம்பெனிகளும் ஆர்டருக்குத் தக்கபடி பொதுவில் பணம் போட்டு, பழகுகிறவருக்கும் பழக்கும் டெய்லருக்கும் அதிலிருந்து கொடுக்கலாம். ஆள் கம்பெனி மாறினாலும் தொழில் தெரிந்த கை ஊருக்குள்தான் இருக்கும்.