போர்டு மாறியது, பாரம் இறங்கியதா?

கோடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள், தூண்பாறையைப் பார்க்கிறார்கள். மூஞ்சிக்கல் கடைத்தெருவைப் பார்க்கிறவர் யார்? மலை ஏறிவரும் பஸ்ஸின் ஜன்னலில் ஒரு கணம் தெரியும், மறுகணம் மறையும். ஆனால், தோழர்களே, இந்த மலையின் கதையை அறிய வேண்டுமானால் கடைத்தெரு முனையிலேதான் நிற்க வேண்டும். எந்தக் காலத்தில் எந்தக் கடை வந்தது, எந்தக் கடை போனது என்று கணக்கெடுங்கள். மலையிலே யாருடைய ராஜ்யம் நடந்தது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

1845-ல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார், வெயிலுக்கும் நோய்க்கும் பயந்து, இங்கே இரண்டு பங்களா கட்டினார்கள். மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் ஓடையைத் தடுத்து ஏரியை உண்டாக்கினார். துரைமார் வந்தார்கள். அவர்களுக்கு ரொட்டி வேண்டும், வெண்ணெய் வேண்டும், கம்பளி வேண்டும். கடைத்தெரு பிறந்தது. முதலாம் உலகப் போர்க் காலம் வரை மோட்டார் ஏறும் பாதை கிடையாது. துரைசானி நாற்காலியிலே உட்காருவாள். பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நம்மவர் தோளிலே தூக்கிக்கொண்டு மலை ஏறுவார்கள். கடையிலே விற்ற சரக்கும் அப்படியே ஏறியது. கடைக்கு மேலே போர்டு உண்டு; தூக்கியவன் பெயர் எந்தப் போர்டிலும் இல்லை!

பிறகு வத்தலக்குண்டு பாதையிலே மோட்டார் ஏறிற்று. 1947-ல் துரைமார் ஆட்சி போயிற்று. கடைத்தெருவிலே உருளைக்கிழங்கு மூட்டை, பேரிக்காய்க் கூடை, பூண்டு மூட்டை. விளைவித்தவன் மலை விவசாயி. விலையைச் சொன்னவனோ கீழே உட்கார்ந்திருக்கும் கமிஷன் மண்டிக்காரன். காட்டிலே சீகை மரம் வளர்ந்தது, தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பட்டை கொடுக்க. அந்த மரத்தை வெட்டியவர் யார்? 1964-ன் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றப்பட்ட நம் தமிழர்களும் அதிலே உண்டு. அவர்களைக் கொத்தடிமைகளாய் வைத்து வேலை வாங்கிய கொடுமை 1985-ல் உச்சநீதிமன்றப் படி ஏறியது.

அதே காலத்திலே வந்தது தெர்மாமீட்டர் தொழிற்சாலை. அமெரிக்காவிலே, நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிய ஆலையை மூடி, இங்கே கொண்டுவந்து நிறுவியது பாண்ட்ஸ் கம்பெனி. பின்னர் அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. காய்ச்சலளக்கும் கருவி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது. மலையிலே நிரந்தரச் சம்பளம் என்றால் சும்மாவா? சம்பள நாளிலே மளிகைக் கடை நிறைந்தது, துணிக்கடை நிறைந்தது. கடைத்தெருவே சிரித்தது.

2001 மார்ச்சில் அந்தச் சிரிப்பு உறைந்தது. மூஞ்சிக்கல்லிலே, ஜனங்கள் நெருங்கி வாழும் இடத்திலே, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலே, ஒரு காயலான் கடை. அங்கே பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கிலே குவிந்து கிடந்தது! ஊர் ஜனங்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தாரும் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆலை நின்றது. எத்தனையோ இன்ஸ்பெக்டர்கள் கண்ணிலே படாத உண்மையைக் காயலான் கடை சொல்லிற்று! 2003-ல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. கழிவுக்குக் கப்பல் கிடைத்தது. அதற்கு நடுவே நின்று உழைத்த தொழிலாளிக்கு என்ன கிடைத்தது?

தொழிலாளர் உடம்புக்கு எந்தக் கேடும் வரவில்லை என்றது கம்பெனி. எங்கள் உடம்பு எங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்கள் தொழிலாளர்கள். கேட்டுக்கொண்டே 15 வருஷம் நின்றார்கள். 2016 மார்ச்சில்தான், 591 பேருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் உதவித்தொகை என்று உடன்படிக்கையாயிற்று. தானாகக் கனிந்த பழமல்ல அது. சங்கமாய்ச் சேர்ந்து நின்றதால் பறித்த பழம். மண்ணைச் சுத்தம் செய்வதற்கு வைத்த அளவோ கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம். பாம்பார்ச் சோலையை ஒட்டிய சரிவு அது. அந்தத் தண்ணீர் கீழே வைகைக்குப் போகிறது. இது மலைக்காரன் பிரச்சினை மட்டுமா? மதுரைக்காரன் பிரச்சினையுமல்லவா?

இன்றைக்குக் கடைத்தெருவிலே சாக்லேட், யூக்கலிப்டஸ் தைலம், ஸ்வெட்டர், தங்கும் அறை. வாடிக்கைக்காரர் மாறினார், போர்டும் மாறியது. மலை தாங்காத அளவுக்குக் கட்டடம் எழுந்தது. 2019-ல் உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் விதி மீறிய கட்டடங்களுக்குச் சீல் விழுந்தது. கார்கள் குவிந்தன, 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. மலையைக் காக்கக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சோலை அழிந்தால் முதலில் தண்ணீருக்கு அலைபவன் ஏழைதான். ஆனால் சீல் விழுந்தால் ஹோட்டல் முதலாளிக்கு வக்கீல் உண்டு. பாத்திரம் கழுவியவனுக்கு யார்? கார் குறைந்தால் தள்ளுவண்டியிலே சோளம் சுடும் அம்மாவின் அடுப்பு அணைகிறதே, அதற்கு எந்த உத்தரவிலே பரிகாரம்?

சட்டமே இல்லாமலில்லை. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, ஊர் வியாபாரக் குழுவிலே குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. கடைத்தெருவிலே எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியச் செய்வது நம் வேலை. சுமை தூக்குவோர், அறை பெருக்குவோர், வண்டி தள்ளுவோர், கார் ஓட்டுவோர் என்று தனித்தனியாய் நிற்பவர்களை ஒரு கொடியின் கீழே நிறுத்துவதும் நம் வேலை.

நாற்காலி சுமந்த தோள் தனித்தனியாய் நின்றது, கேட்க நாதியில்லை. பாதரசம் சுமந்த கை ஒன்றாய் நின்றது. கம்பெனி கையெழுத்துப் போட்டது. நாளைக்கு முனையிலே எந்தக் கடை வந்தாலும் வரட்டும். அந்தப் பாடத்தை மட்டும் மறக்க வேண்டாம், தோழர்களே!