கண்ணுக்கு ஐந்து நாழிகை

மூக்குக் கண்ணாடி என்பது நம்முடைய பாட்டனார் காலத்தில் வயோதிகத்தின் சின்னமாக இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து விழுந்து, பஞ்சாங்கத்தைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தும் திதி தெரியாமற்போனால்தான் கண்ணாடியைப் பற்றிய பேச்சே வீட்டில் எழும். பிற்பாடு அது படிப்பின் சின்னமாயிற்று. பி.ஏ. பட்டம், கோட்டு, மூக்குக் கண்ணாடி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒருவரை வக்கீல் என்று ஜனங்கள் ஒப்புக்கொண்டார்கள். இன்றைக்கோ மூன்றாம் வகுப்புக் குழந்தையின் சின்னஞ்சிறு மூக்கின் மேல் அது ஏறி உட்கார்ந்துவிட்டது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய எந்த ஊரிலும் காலை வேளையில் ஒரு பள்ளிக்கூட வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். வேனிலிருந்து இறங்கும் குழந்தைகளில் எத்தனை பேர் முகத்தில் கண்ணாடி பளபளக்கிறது என்று எண்ணினால், இரண்டு கை விரல்களும் போதமாட்டா.

பெரியவர்களுக்கு வரும் வெள்ளெழுத்து வேறு. குழந்தைகளுக்கு வரும் இந்தக் கோளாறு வேறு. இதில் மடியிலுள்ள புத்தகம் துலாம்பரமாகத் தெரியும். எதிரேயுள்ள கரும்பலகை மங்கும். ஆகையால்தான் இதைக் கிட்டப் பார்வை என்கிறோம். இதை முதலில் கண்டுகொள்ளக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் எம்மைப் போன்ற உபாத்தியாயர்களே. பலகையைப் பார்க்கும்போது கண்ணை இடுக்குவது, பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பையனின் நோட்டிலிருந்து காப்பி செய்வது, முன் பெஞ்சுக்கு மாற்றும்படி விண்ணப்பம் செய்துகொள்வது இவையெல்லாம் அதன் அறிகுறிகள். இவற்றைச் சோம்பல் என்றும் விஷமம் என்றும் எண்ணித் தண்டிக்கப்பட்ட குழந்தைகள் இந்நாட்டில் அநேகம்.

கண் நீளும் விதம்

பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்னுக்கு அளந்தால், சுமார் 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். உடம்போடு அதுவும் வளர்ந்து, பெரியவர்களிடம் சுமார் 24 மில்லிமீட்டர் ஆகிறது. இந்த வளர்ச்சி அளவோடு நின்றால், வெளியுலகத்தின் பிம்பம் கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரையில் சரியாக விழும். அளவு மீறிக் கண் நீண்டுபோனால், பிம்பம் திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் சுமார் இரண்டரை முதல் மூன்று 'பவர்' வரை கண்ணாடி ஏறும். கண்ணாடியின் வேலை பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளித் திரையில் விழச்செய்வது. பார்வை தெளிந்துவிடுகிறது, ஆனால் நீண்டுபோன கண் மறுபடியும் குறுகுவதில்லை.

இங்கேதான் பெற்றோர்கள் கவலை கொள்ளவேண்டிய விஷயம் இருக்கிறது. எட்டு வயதில் தொடங்கும் கிட்டப் பார்வைக்கு வளருவதற்குப் பத்து வருஷம் அவகாசம் உண்டு. பதினாறு வயதில் தொடங்குவதற்கு அவ்வளவு அவகாசமில்லை. ஆறு பவருக்கு மேல் ஏறிய கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்துபோகிறது. பிற்காலத்தில் அத்திரை கிழிந்து பிரிவதற்கும், அதன் நடுப்பகுதி சேதமடைவதற்கும், கண்ணின் நரம்பு கெடுவதற்கும் இடமுண்டு. அவ்விதம் போன பார்வையை எந்தக் கண்ணாடியும் மீட்டுக் கொடுக்காது. ஆகவே, வருவதை இரண்டு வருஷம் தள்ளிப்போட முடிந்தாலும் அது பெரிய லாபந்தான்.

பரம்பரையா, பழக்கமா?

"எனக்கும் கண்ணாடி, அவள் அம்மாவுக்கும் கண்ணாடி. குழந்தைக்கு வராமல் என்ன செய்யும்?" என்று சொல்லும் தகப்பனார்கள் உண்டு. அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பெற்றோர் இருவருக்கும் கிட்டப் பார்வை இருந்தால் குழந்தைக்கு வரும் சாத்தியம் அதிகம். மற்றப் பாதியைச் சென்ற நூற்றைம்பது வருஷத்து ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன.

ஜெர்மானியக் கண் வைத்தியரான ஹெர்மன் கோன், இன்று போலந்து தேசத்தைச் சேர்ந்த பிரஸ்லாவ் நகரத்திலும் அக்கம்பக்கத்திலும் 10,060 மாணாக்கர்களின் கண்களைப் பரிசோதித்து, 1867-ல் முடிவை வெளியிட்டார். கிராமத்துப் பள்ளிகளில் சொற்பமாயிருந்த கிட்டப் பார்வை, நகரத்தின் மேல்வகுப்புகளில் மிகுந்திருந்ததை அவர் கண்டார். அன்று முதல் புத்தகத்தின் மேல் பழி விழுந்தது. குனிந்து, கிட்டத்தில் வைத்து, ஓயாமல் படிப்பதற்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு உண்டு என்பது மெய்தான். ஆயினும் படிப்பு மட்டுமே குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை 2008-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி காட்டிற்று.

அதில் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் வசிக்கும் சீன வம்சத்துக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். எல்லாரும் ஆறேழு வயதினர். பெற்றோர்களிடையே கிட்டப் பார்வை இரண்டு ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் சிங்கப்பூர்க் குழந்தைகளில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப் பார்வை இருந்தது. சிட்னியில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான் இருந்தது! சிட்னிக் குழந்தைகள் புத்தகம் படிக்காதவர்களா என்றால், அவர்கள்தாம் அதிகமாகப் படித்தார்கள். பெரிய வித்தியாசம் வேறொன்றில் இருந்தது. சிட்னிக் குழந்தைகள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் வெட்டவெளியில் கழித்தார்கள். சிங்கப்பூர்க் குழந்தைகளுக்குக் கிடைத்தது 3 மணி நேரம்.

வெளியில் அப்படி என்ன இருக்கிறது? வெளிச்சம் இருக்கிறது. 'லக்ஸ்' என்னும் அளவின்படி, நமது வகுப்பறைகளில் சில நூறு லக்ஸ் வெளிச்சந்தான் உண்டு. திறந்த வெளியிலோ பெரும்பாலும் பத்தாயிரத்துக்குக் குறையாது. நல்ல நடுப்பகலில் ஒரு லட்சத்தை எட்டும். இந்தப் பெரு வெளிச்சம் விழித்திரையில் 'டோபமைன்' என்ற ரசாயனப் பொருளைச் சுரக்கச்செய்து, கண் அளவு மீறி நீளாதபடி தடுக்கிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். கோழிக் குஞ்சுகளிடமும் குரங்குகளிடமும் செய்த சோதனைகள் இதற்கு ஆதரவாக இருக்கின்றன. வெளியில் பார்வை தூரத்தில் பரவுவதும் கண்ணுக்கு ஓய்வுதான்.

மனிதக் குழந்தைகளிடமும் இது சோதிக்கப்பட்டிருக்கிறது. சீன தேசத்தின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஆறு பள்ளிகளில் மட்டும் தினந்தோறும் 40 நிமிஷம் வெளியில் நடக்கும் வகுப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு, மற்றப் பள்ளிகளில் நூற்றுக்கு 39.5 குழந்தைகளுக்குப் புதிதாகக் கிட்டப் பார்வை வந்திருந்தது. இந்தப் பள்ளிகளில் 30.4 தான். இம்முடிவு 2015-ல் வெளியாயிற்று. தைவான் தீவில் 2010 முதல், பள்ளிக் குழந்தைகள் தினம் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கவேண்டும் என்று ஓர் இயக்கமே நடத்தி, வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்த கணக்கைச் சற்றே இறங்கச்செய்தார்கள். ஏற்கெனவே நீண்டுவிட்ட கண்ணைக் காட்டிலும், இன்னும் கெடாத கண்ணைக் காப்பதில்தான் வெளிச்சத்துக்கு வலிமை அதிகம்.

நம் நாட்டு நிலைமை என்ன? டில்லிப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் நூற்றுக்கு 13 பேருக்குக் கிட்டப் பார்வை காணப்பட்டது. தமிழ்நாட்டில் சங்கர நேத்ராலயத்தார் இரண்டு ஜில்லாக்களில் 11 பள்ளிகளைச் சேர்ந்த பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். 2022-ல் வெளியான அந்தக் கணக்கு நூற்றுக்கு 17.5. கிழக்காசிய தேசங்களின் நிலைமைக்கு நாம் இன்னும் வந்துவிடவில்லை. போகும் வழி அதுதான்.

தாம்பரத்துக்கு வந்ததன் நோக்கம்

தாம்பரம் என்ற பெயர் ஒரு காலத்தில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மறுபெயராக இருந்தது. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோயாளிகளுக்குத் திறந்தவெளிச் சிகிச்சை நடத்திப் புகழ்பெற்ற இந்தியரான டாக்டர் சௌரி முத்து, தாய்நாட்டுக்குத் திரும்பி, 1928-ல் தமது சானட்டோரியத்தை நிறுவுவதற்கு இந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். மின்சார ரயிலில் போகிறவர்கள் இன்றும் அந்தப் பெயருள்ள ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகிறார்கள். அந்த மின்சார ரயில் 1931-ல் வந்தது. 1937-ல் கிறிஸ்துவக் கல்லூரி பட்டணத்து நெரிசலை விட்டு இங்கே வந்து, முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட காட்டு நிலத்தில் குடியேறிற்று. பின்னால் குடும்பங்கள் வந்தன. மனைக்கு முன்னால் ஒரு வேப்ப மரமும், பின்னால் ஒரு கிணறும், தெருக்கோடியில் குழந்தைகள் ஆட ஒரு பொட்டலும் இருக்கும் என்ற ஆசைதான் அவர்களை அழைத்து வந்தது.

2021-ல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. கௌரவம் உயர்ந்தது, பொட்டல்கள் மறைந்தன. ஏரிக்கரை வரையில் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. மூன்றாவது மாடியில் வசிக்கும் குழந்தைக்குத் தெருவே தூர தேசம். அத்தெருவில் வண்டிகளுக்கு நடுவே பந்தை உருட்ட எந்தத் தாயாரும் சம்மதிக்கமாட்டார்.

குழந்தையின் தினசரியைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். காலை ஏழரைக்கு வேன். அதிலிருந்து வகுப்பறை. மாலை நாலரைக்கு மறுபடியும் வேன். ஐந்து முதல் ஏழு வரை டியூஷன். அதற்கு மேல் வீட்டுப்பாடம். பாடம் முடிந்ததற்குப் பரிசு, முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் கைபேசி. வானத்தின் கீழே அக்குழந்தை நின்ற நேரம் இதில் எங்கே இருக்கிறது?

பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையில் விளையாட்டு மணி இல்லாமலில்லை. அரைப் பரீட்சை முடிந்ததும் அதில் ஒன்றைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். மற்றொன்றை விஞ்ஞான வாத்தியார் வாங்குவார். இந்தக் கடன் திருப்பிக் கொடுக்கப்பட்டதாகச் சரித்திரம் கிடையாது. 2023-ல் விளையாட்டுத் துறை அமைச்சராயிருந்த உதயநிதி ஸ்டாலின், இந்த மணியைக் கடன் வாங்கவேண்டாமென்று ஆசிரியர்களைப் பகிரங்கமாகவே கேட்டுக்கொண்டார் என்றால், வழக்கம் எவ்வளவு வேரூன்றியது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வெளிச்சம் அடியோடு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைக் கொரோனாக் காலம் காட்டிவிட்டது. சீனாவின் ஃபெய்செங் நகரில் ஆறு வயதுக் குழந்தைகளிடையே 2015 முதல் 2019 வரை நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் கிட்டப் பார்வை காணப்பட்டதில்லை. வீட்டோடு அடைந்துகிடந்த 2020-ல் அது நூற்றுக்கு 21.5 ஆயிற்று. நமது மாநிலத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

சில ஆட்சேபங்கள்

"நம்மூர் வெயிலில் குழந்தையை நிறுத்தினால் கருகிப் போகுமே!" என்பார்கள். நடுப்பகலில் நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. சூரியனை நேரே பார்க்கவும் கூடாது. மர நிழலிலும் திறந்த தாழ்வாரத்திலும் சற்று அதிக நேரம் இருந்தாலே பலன் உண்டு என்று தைவானில் நடந்த சோதனை கண்டிருக்கிறது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் நமக்கு வேண்டிய வெளிச்சம் வேண்டிய மட்டும் இருக்கிறது. வருஷத்தில் எந்த நாளிலும் இங்கே சூரியன் ஐந்தரை மணிக்கு முன் அஸ்தமிப்பதில்லை.

"பரீட்சை என்ன ஆவது?" என்பது அடுத்த கேள்வி. டியூஷனை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி, ஆறு மணிக்குத் தொடங்கச் சொல்லுங்கள். பாடம் இருட்டிலும் ஏறும். வெளிச்சம் இருட்டில் கிடைக்காது. பெண் குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை தனியே சொல்லவேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதானதும் "உள்ளே வா" என்ற கட்டளை அவர்களுக்குத்தான் முதலில் பிறக்கிறது. அந்த வயதிலும் கண் நீண்டுகொண்டுதான் இருக்கிறது. தெருவில் விட மனமில்லாவிட்டால் மொட்டை மாடி இருக்கிறது. பெரியவர்களும் கூடவே போய் உலாவலாம்.

பொன்னாங்கண்ணிக் கீரையும் காரட்டும் கண்ணுக்கு நல்லவைதாம். ஆனால் நீண்ட கண்ணை அவை குறுக்கமாட்டா. 'கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும்' என்று பயந்து போடாமலிருப்பதும், குறைந்த பவரில் போடுவதும் தவறு. போடாமலிருப்பதால் ஏறுவது நிற்பதில்லை. படிக்கும்போது புத்தகத்துக்கும் கண்ணுக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்கட்டும். வருஷத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை அவசியம். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. பள்ளிகளிலே சோதித்து இலவசக் கண்ணாடி வழங்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டமும் இருக்கிறது. பவர் வேகமாக ஏறும் குழந்தைகளுக்கு அதன் வேகத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தும் விசேஷ லென்ஸுகளும் வந்துவிட்டன; அவற்றைக் கண் டாக்டர்தான் தீர்மானிக்கவேண்டும்.

இரண்டு மணி நேரம் என்பது நம் முன்னோர் கணக்கில் ஐந்து நாழிகை. நாளொன்றுக்கு அறுபது நாழிகை. காலைப் பிரார்த்தனையை மைதானத்திலும், மதியச் சாப்பாட்டை மரத்தடியிலும் வைத்துக்கொண்டு, விளையாட்டு மணியை யாரும் கடன் வாங்காமல் காத்து, மாலையில் ஒரு மணி நேரம் வெளியில் விட்டால் அந்த ஐந்து நாழிகையும் நிறைந்துவிடும். இதற்குச் சட்டசபைத் தீர்மானம் வேண்டியதில்லை. பணச் செலவும் இல்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, "மார்க்கு எவ்வளவு?" என்று கேட்டு முடித்ததும், "விளையாட்டு மணி நடக்கிறதா?" என்று இன்னொரு கேள்வியும் கேட்டுவிட்டு வாருங்கள். நான்கு தகப்பனார்கள் சேர்ந்து கேட்டால், கணக்கு வாத்தியாருக்கும் அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் உண்டாகும்.