நிறம் மாறாது வரும் நஞ்சு

ஓடும் ஆற்றிலோ பெருங்குளத்திலோ அசுத்தம் விழுந்துவிட்டால், அந்நீர் ஒளுவுக்கு ஆகுமா என்றறிய பிக்ஹு நூல்கள் மூன்று அடையாளங்களைக் காட்டுகின்றன: நிறம், சுவை, மணம். வாசகரே, இம்மூன்றையும் மாற்றாமலே நீரில் கலந்துவரும் பொருளொன்று உண்டு. நைட்ரேட் என்பது அதன் பெயர்.

கிணற்று நீரில் கலந்த பாலை அருந்திய பச்சிளங் குழந்தைகள் உடல் நீலம் பாரித்ததற்கு இதுவே காரணமென, 1945இல் அமெரிக்க மருத்துவர் ஹண்டர் காம்லி எடுத்துரைத்தார். குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழப்பதால் நேரும் கேடு அது. லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

ஆற்றுக்கு இஃது எங்கிருந்து வருகிறது? வயலில் இட்ட உரமா, தொழுவத்துச் சாணமா, ஊர்ச் சாக்கடையா? உழவர் நகரத்தாரைச் சாடுவர். நகரத்தார் உழவரைச் சாடுவர். சாட்சியின்றிப் பழி சுமத்துவது மார்க்கத்துக்கு உகந்ததன்று. சாட்சியோ நைட்ரஜனுக்குள்ளேயே இருக்கிறது. அதில் 14 எடையுள்ள அணுவும், சற்றே கனத்த 15 எடையுள்ள அணுவும் உண்டு. காற்றில் கனத்தது ஆயிரத்துக்கு ஏறத்தாழ நான்கே. இரசாயன உரம் காற்றிலிருந்து ஆக்கப்படுவதால் அதிலும் ஏறக்குறைய அதே விகிதம். சாணமும் மலநீரும் அம்மோனியாவாய் ஆவியாகுங்கால் இலேசான அணுக்கள் முந்திப் பறந்துவிட, கனத்தவை மிகுந்து எஞ்சுகின்றன.

இவ்வழியைக் கொண்டே பாரி காமனர் குழுவினர், இல்லினாய் மாநிலத்துச் சோளக்காடுகளூடே ஓடும் சங்கமான் ஆற்றை ஆராய்ந்தனர். அந்நதியை மறித்த டிக்கேட்டர் ஏரியில், 1970 வசந்தகால நைட்ரேட்டில் குறைந்தது 55 விழுக்காடு உரத்தினின்று வந்ததென 1971இல் வெளியிட்டனர். மண்ணியலார் மறுத்தனர், மண்ணின் இயற்கையான நைட்ரஜன் விகிதம் இடத்துக்கு இடம் மாறுமே என்றனர். அம்மறுப்பில் நியாயம் இருக்கவே செய்தது. நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைக்கும்போதும் கனத்தவையே எஞ்சுமாதலால், உரமும் சாக்கடையின் வேடம் பூண்டு நிற்கக்கூடும்.

ஆகவே இன்று பிராணவாயுவின் அணு எடையையும் சேர்த்தே அளக்கின்றனர். காப்பியிலுள்ள காஃபீன் நீரில் தென்பட்டால் மனிதக் கழிவென ஐயுறுகின்றனர். மாடு காப்பி அருந்துவதில்லையன்றோ!

தாய்மார்களே, காய்ச்சுவதால் நைட்ரேட் நீங்காது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். மழலையின் பாலுக்கு எடுக்கும் நீரைச் சோதனைச் சாலையில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.