கடைசிக்கு முந்தின பகுதியில் ஏன் இந்தப் பதற்றம்?

மட்டாஞ்சேரியில் சித்தி வீட்டில் கூடி உட்கார்ந்து 'கேரளா கிரைம் ஃபைல்ஸ்' இணையத் தொடரின் முதல் சீசனைப் பார்த்தோம். கொச்சியில் நடக்கும் கதை, 2023இல் வந்தது, மொத்தம் 6 பகுதிகள். ஐந்தாவது முடிந்தபோது சித்தி எடுத்த அப்பளம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றிருந்தது. "அவனைப் பிடிச்சிடுவாங்களாடா?" என்றார்.

கதைதான் என்று தெரிந்தும் உடம்பு ஏன் பதறுகிறது? ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப்பகுதியான அமிக்டலா, திரையா நிஜமா என்று விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. கடைசிப் பகுதியென்றால் விடை கிடைத்து எல்லாம் தணியும். அதற்கு முந்தினதில் அந்த வடிகால் கிடையாது. வேலையைப் பாதியில் நிறுத்தினால், யாரும் சொல்லாமலே மனிதர்கள் அதற்குத் திரும்புவதை 1928இலேயே உளவியலாளர் மரியா ஒவ்சியான்கினா காட்டினார். பாதியில் நிற்கும் கதையும் அப்படித்தான் நம்மை இழுக்கிறது.

எனக்கு இன்னும் வியப்பானது வேறு. இயக்குநர் ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சிக் கதை ஒன்றைத் தனித்தனியே பார்த்தவர்களின் மூளைப் புறணியில் 65 சதவீதத்துக்கு மேல் ஒரே போக்கில் இயங்கியதை 2008இல் நரம்பியலாளர் ஊரி ஹாசனின் குழு பதிவு செய்தது. பதற்றத்தை நெய்யத் தெரிந்த இயக்குநர், முகம் தெரியாதவர்களையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்!

மணி பன்னிரண்டு. "ஆறாவதையும் போடு" என்றார் சித்தி.